மூளைத் திசுவில் டோபமைன் தேடப் போகிறவர்களுக்கு

மூலக்கூறுகளை மின்னூட்டி எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக் முன்னால் முதன்முதலாக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலைச் செலுத்தினால், நரம்புகளுக்கு நடுவே செய்தி கடத்தும் டோபமைனின் சிகரம் திரையில் கோபுரம்போல எழும்பி நிற்கும். மூளைத் திசுவின் சாற்றைச் செலுத்தினால் அதே இடத்தில் சின்ன மேடுகூடத் தெரியாது. உடனே கை கருவியை நோக்கிப் போகும். வோல்ட்டேஜைக் கூட்டுவோம், வெப்பத்தைக் கூட்டுவோம், வாயுவைக் கூட்டுவோம். நான் இப்படி மூன்று வாரம் ஓட்டியிருக்கிறேன். கருவி நன்றாகத்தான் இருந்தது. மாதிரி எடுத்த குழாய்களைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருந்தேன். குறை அங்கே இருந்தது.

அந்த மூன்று வாரத்தை வேறு யாரும் இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அபிஷேகப்பட்டியிலும் பாளையங்கோட்டையிலும் ராமையன்பட்டியிலும் படிக்கிற, ஆராய்ச்சியில் கால் வைக்கிற பிள்ளைகள்தான் என் மனத்தில் இருக்கிறார்கள். மூலக்கூறை எடை பார்த்து, உடைத்து, துண்டையும் எடை பார்க்கும் டிரிப்பிள் குவாட்ரபோல் வகை மாஸ் ஸ்பெக் நம்மில் பலருக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்காது. மாதிரியை இங்கே தயார் செய்து, வெளியூர் லேபில் அவர்கள் ஒதுக்கும் நேரத்தில் ஓட்டிக்கொண்டு வருவோம். அதற்காக மனம் தளர வேண்டாம். சிகரம் எவ்வளவு உயரும் என்பதில் பெரும்பங்கு, மண்டை உடைபடும் நேரத்துக்கும் குப்பி மூடப்படும் நேரத்துக்கும் நடுவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அந்தப் பகுதி முழுக்க நம் கையில் இருக்கிறது.

கருவியை ஒருமுறை சோதித்துவிட்டு, அதை மறந்துவிடுங்கள்

தவறு மாதிரியிலா கருவியிலா என்று தெரியாமல் தேடினால் நாள்தான் போகும். ரெசர்பின் கரைசலைச் செலுத்திப் பாருங்கள். மாஸ் ஸ்பெக் தயாரிப்பாளர்கள் தங்கள் கருவியின் கூர்மையைக் காட்டப் பல காலமாகப் பயன்படுத்தும் பொருள் அது. 609 நிறையில் உள்ளே போய், 195 ஆக உடைந்து வரும். கருவியைப் பொருத்திய காலத்தில் கிடைத்த அளவுக்கு இன்றும் ஏறக்குறையக் கிடைத்தால், கருவியை விட்டுவிட்டு உங்கள் மாதிரிக்குத் திரும்புங்கள்.

ரெசர்பினுக்கும் நம் தேடலுக்கும் பழைய உறவு உண்டு. அது சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. விலங்குக்குக் கொடுத்தால் மூளை சேமித்து வைத்திருக்கும் டோபமைன், நார்அட்ரினலின், செரட்டோனின் எல்லாம் வடிந்துபோகும். ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் 1957இல், ரெசர்பின் கொடுத்ததால் அசையாமல் கிடந்த முயல்களுக்கு, உடலில் டோபமைனாக மாறும் லெவோடோபாவைக் கொடுத்து மறுபடி நடமாட வைத்தார். டோபமைன் தனக்கென்று வேலை உள்ள ஒரு நரம்பியக்கடத்தி என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பட்டது. 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். ஒரு வேரிலிருந்து வந்த பொருள் மூளையில் டோபமைனைக் காட்டிக் கொடுத்தது. அதே பொருள் இன்று டோபமைனை அளக்கும் கருவியையும் சோதிக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஆனால் ரெசர்பின் நன்றாக வந்துவிட்டால் டோபமைனும் நன்றாக வரும் என்று நம்பிவிடாதீர்கள். ரெசர்பின் பெரிய மூலக்கூறு. பிரிகுழலில் நன்றாக ஒட்டி நின்று, உப்பெல்லாம் போன பிறகு தனியாக வரும். (கலவையைப் பொருள் பொருளாகப் பிரித்து மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்பும் குழல் அது. லேபில் 'காலம்' என்றே சொல்வோம், நேரத்தோடு குழம்பக் கூடாது என்று இங்கே பிரிகுழல் என்கிறேன்.) டோபமைன் 153 எடையுள்ள குட்டி மூலக்கூறு, தண்ணீரை விரும்புவது. கொழுப்புவிரும்பிகளைப் பிடித்து நிறுத்தும் சாதாரண சி18 பிரிகுழலில் நிற்காமல், உப்போடும் கிரியேட்டினோடும் கூட்டமாக முதல் நிமிடத்திலேயே ஓடி வந்துவிடும். நெரிசலில் யாருக்கு மின்னூட்டம் கிடைக்கும் என்ற போட்டியில் டோபமைன் தோற்கிறது. இதைத்தான் அயனி அடக்கம் என்கிறோம்.

பழகுவதற்கு ஆட்டு மூளை

எலியைத் தொடுவதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். அனுமதி கையில் இருந்தாலும், முறை கைவராமல் எலிகளைக் கொன்று பழகுவது எனக்கு உடன்பாடில்லை. உணவுக்காக ஏற்கெனவே அறுபட்ட ஆட்டின் மூளை பழகுவதற்குப் போதும். இதையும் உங்கள் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, லேபின் உயிரிப் பாதுகாப்பு விதிப்படி செய்யுங்கள்.

நான் மேலப்பாளையத்தில் ஒரு கறிக்கடையில் வாங்கினேன். விடியற்காலை, தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸோடு போய் நின்றேன்.

"பாய், மண்டையப் பொளக்கும்போது மூளை சிதறாம முழுசா வேணும். தண்ணில கழுவ வேண்டாம்."

"கழுவாம எப்படி தங்கச்சி? ரத்தமா இருக்குமே. குழம்புக்குத்தானே?"

"குழம்புக்கு இல்ல பாய், பரிசோதனைக்கு. அறுத்து எவ்வளவு நேரமாச்சுன்னு மட்டும் சொல்லிருங்க."

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு பத்து. எழுதிக்கோங்க. அடுத்த தடவ வரும்போது நானே எழுதி வச்சுத் தாரேன்." சொன்னபடியே அடுத்த வாரம் ஒரு துண்டுச் சீட்டில் நேரம் எழுதி வைத்திருந்தார். என் ஆய்வேட்டில் மாதிரி விவரத்தின் முதல் வரி அவருடைய சீட்டிலிருந்து வந்தது.

வெட்டுவதற்கு எவர்சில்வர் தட்டு ஒன்றை ஐஸின்மேல் கவிழ்த்து வைத்துக்கொள்ளுங்கள். மூளையைக் குறுக்கே தடித்த வில்லைகளாக அரியுங்கள். பக்கவாட்டு வென்ட்ரிக்கிள் என்ற பொந்தின் சுவரில் புடைத்துக்கொண்டு, சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியைவிடச் சற்றுச் சாம்பல் நிறமாகத் தெரிவது காடேட். டோபமைன் செறிந்திருக்கும் இடம் அது. அதில் 30 முதல் 50 மில்லிகிராம் எடுங்கள். அதே மூளையின் சிறுமூளையிலும் அதே அளவு எடுங்கள்.

சிறுமூளையை விட்டுவிடாதீர்கள். அங்கே டோபமைன் மிகமிகக் குறைவு. காடேட்டிலும் சிறுமூளையிலும் ஏறக்குறைய ஒரே அளவு வருகிறது என்று உங்கள் முறை சொன்னால், நீங்கள் அளப்பது டோபமைன் அல்ல. புதிதாக வருகிறவர்கள் ஆயிரம் சோதனைக்கு முன் இந்த ஒன்றைச் செய்துவிட வேண்டும்.

உயிர் போன பிறகும் மூளை வேலை செய்கிறது

இரத்தம் நின்ற பிறகும் நொதிகள் நிற்பதில்லை. அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு நரம்பியக்கடத்தியை உடைக்கும் நொதி மிக வேகமானது. சில நொடிகளில் இழப்பு தொடங்கிவிடும். காபா என்ற கடத்தி எதிர்த் திசையில் போகும். இறப்புக்குப் பிந்தைய நிமிடங்களில் அதன் அளவு ஏறும். அதனால் கறிக்கடை மூளையில் அசிட்டைல்கோலின் எண்ணை நம்பி எதுவும் எழுதாதீர்கள். அது முறையைப் பழகிக்கொள்ள மட்டும். எலி வேலையில் இந்தச் சிக்கலைத் தீர்க்க, தலையில் மட்டும் குவித்த மைக்ரோவேவ் கதிரைப் பாய்ச்சி ஒரு நொடி அளவில் நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் தனிக்கருவி உண்டு. வீட்டுச் சமையல் மைக்ரோவேவ் அதற்கு ஆகாது.

அந்தக் கருவி இல்லாதவர்களுக்கு வழி, வேகமும் குளிரும்தான். எல்லா மாதிரிக்கும் ஒரே கால இடைவெளி இருக்கட்டும். ஒன்றை 3 நிமிடத்திலும் மற்றொன்றை 12 நிமிடத்திலும் உறைய வைத்தால், பிறகு எந்தக் கணக்கும் அதைச் சரிசெய்யாது. முன்கூட்டியே எடைபோட்டு, பென்சிலால் எண் எழுதிய குழாய்களில் திசுவைப் போட்டுத் திரவ நைட்ரஜனில் மூழ்கவிடுங்கள். மார்க்கர் பேனா எழுத்தை அசிட்டோநைட்ரைல் ஒரே துடைப்பில் அழித்துவிடும். அதனால்தான் பென்சில் என்கிறேன்.

திரவ நைட்ரஜனுக்கு எங்கே போவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற இடங்களில் விந்துக் குச்சிகளை வைத்திருப்பது திரவ நைட்ரஜன் குடுவையில்தான். நம் மாவட்டத்துக்குக் குடுவை நிரப்ப எங்கிருந்து வருகிறது என்பது கால்நடைத் துறைக்காரர்களுக்குத் தெரியும். உங்கள் துறைத்தலைவரின் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். குடுவையை இறுக மூடாதீர்கள், கண்ணாடி ஏற்றிய காரில் கொண்டுபோகாதீர்கள். ஆவியாகும் நைட்ரஜன் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். மூச்சுமுட்டுவது தெரிவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும்.

உறைந்த திசு மைனஸ் 80 டிகிரியில் இருக்கட்டும். எடை போடும்போது குழாயின் வெளியே படிந்த பனியைத் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அந்தப் பனி சில மில்லிகிராம் தேறும். 30 மில்லிகிராம் திசுவில் அது பெரிய பிழை.

வாழைக்காய் ஏன் கறுக்கிறது

வாழைக்காயை நறுக்கியதும் அம்மா மோர் கலந்த தண்ணீரில் போடுவார். களக்காட்டு ஏத்தன் காயானாலும் வெளியே வைத்தால் கறுத்துவிடும். காற்றின் ஆக்சிஜனும் காயில் உள்ள நொதியும் சேர்ந்து கேட்டகால் வகைப் பொருள்களைக் குயினோனாக மாற்றுவதால் வருவது அந்தக் கறுப்பு. வாழையில் அப்படி மாறுகிற முதன்மையான பொருள் டோபமைனேதான். மூளைச் சாறு மேசைமேல் கிடக்கும்போது நடப்பதும் அதே வகை மாற்றம். மோரின் புளிப்பும் குளிர்ந்த தண்ணீரும் காயைக் காப்பதுபோல, அமிலமும் ஐஸும் டோபமைனைக் காக்கும்.

எந்த அமிலம் என்பதில் கவனம் வேண்டும். பழைய மின்வேதி முறைக் குறிப்புகளில் பெர்குளோரிக் அமிலம் என்று இருக்கும். அந்த முறைக்கு அது நல்லது. மாஸ் ஸ்பெக்குக்கு ஆகாது: பெர்குளோரேட் அயனி டோபமைனோடு இணைந்துகொண்டு சைகையை (சிக்னலை) அடக்கும், கருவியின் வாயிலையும் அரிக்கும். இங்கே பார்மிக் அமிலம்தான் சரி.

நான் செய்யும் முறை இது. ஒரு மில்லிகிராம் திசுவுக்கு 10 மைக்ரோலிட்டர் என்ற கணக்கில், 80 சதவீதம் அசிட்டோநைட்ரைலும் 0.1 சதவீதம் பார்மிக் அமிலமும் கலந்த ஐஸ்குளிர்ந்த கரைசல். அதிலேயே உள்தரங்கள் கலந்திருக்க வேண்டும், அதாவது தேடும் பொருளே, ஆனால் சில ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் (டி) ஏற்றி எடை கூட்டி, தெரிந்த அளவில் சேர்ப்பது: டோபமைன் டி4, செரட்டோனின் டி4, காபா டி6, குளுட்டமேட் டி5. திசு இளகுவதற்கு முன் கரைசலை ஊற்றி, மணிகள் போட்டு அரைத்துவிடுங்கள். மைனஸ் 20 டிகிரியில் அரைமணி நேரம் வைத்தால் புரதத்தோடு கொழுப்பின் ஒரு பகுதியும் படியும். பிறகு 4 டிகிரியில் 14,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அடியில் உள்ள வெள்ளைப் படிவைப் பிப்பெட் தொட்டுவிட்டால், வெட்கப்படாமல் மறுபடி சுழற்றுங்கள்.

உள்தரத்தை அரைத்த பிறகு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அரைக்கும்போது இழந்தது கணக்கில் வராது. இழப்பு எங்கெல்லாம் நேருமோ, அந்த வழி நெடுக உள்தரமும் கூடவே நடந்து வர வேண்டும்.

சோப்பு, உப்பு, கொழுப்பு

என் மூன்று வாரக் கதைக்கு வருகிறேன். ஸ்கேன் முறையில் வெற்றுக் கரைசலை ஓட்டியபோது, 44, 44 என்ற ஒரே இடைவெளியில் படிக்கட்டுப்போலச் சிகரங்கள் வரிசையாக நின்றன. அது பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலியின் அடையாளம். சோப்புத்தூள்களிலும் சில கிரீம்களிலும் அந்த வகைச் சங்கிலிகள் இருக்கும். அன்றிலிருந்து குழாய்களைக் கழுவுவதே இல்லை. புதிய பாலிப்ரொப்பிலீன் குழாயை எடுத்து, அசிட்டோநைட்ரைலால் ஒருமுறை அலசி, காயவைத்துப் பயன்படுத்துகிறேன். 149, 279, 391 ஆகிய இடங்களில் சிகரம் நின்றால் அது பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்; மூடியையோ டியூபையோ மாற்றுங்கள்.

தண்ணீர் எல்.சி.எம்.எஸ். (பிரிகுழலும் மாஸ் ஸ்பெக்கும் சேர்ந்த கருவி) தரத்தில் புட்டியில் வருவதாக இருக்கட்டும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம். அதன் உப்பு நம் சிகரத்துக்கு ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரும் போதாது. சோடியம் ஒட்டிக்கொண்டால் டோபமைனின் சைகை புரோட்டான் ஒட்டிய 154, சோடியம் ஒட்டிய 176 என்று இரண்டு இடத்தில் பிரிந்து, இரண்டும் குட்டையாகிவிடும்.

மூளை கொழுப்பு மிகுந்த உறுப்பு. பாஸ்போலிப்பிடுகள் பிரிகுழலில் தங்கி, நான்கைந்து மாதிரி கழித்து எதிர்பாராத நேரத்தில் இறங்கி வந்து சிகரத்தை அமுக்கும். 184 நிறையை ஒரு தனி வழியில் (கருவி கவனிக்கும் நிறைத் தடத்தைத்தான் வழி என்கிறேன்) எப்போதும் கண்காணியுங்கள். பாஸ்போகோலின் தலை அங்கே காட்டும். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் கரிமக் கரைப்பானை 95 சதவீதத்துக்கு ஏற்றிச் சில நிமிடம் கழுவுங்கள். ஓட்டத்தின் முதல் நிமிடத்து நீரைத் திருப்புவால்வு வழியாகக் கழிவுக்கு அனுப்புங்கள். இந்த இரண்டை மட்டும் செய்தே பல பேருடைய பிரச்சினை பாதி தீர்ந்திருக்கிறது.

பிரிப்பது: இரண்டு வழி, என் விருப்பம் ஒன்று

முதல் வழி ஹிலிக். நீர்விரும்பிகளைப் பிடித்து நிறுத்தும் அமைடு வகைப் பிரிகுழல், அமோனியம் பார்மேட், அசிட்டோநைட்ரைல் மிகுந்த தொடக்கம். சாறு ஏற்கெனவே 80 சதவீத அசிட்டோநைட்ரைலில் இருப்பதால் நேராகச் செலுத்தலாம். தண்ணீர் மிகுந்த மாதிரியைச் செலுத்தினால் சிகரம் பிளந்துபோகும். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் குழல் சமநிலைக்கு வர நேரம் கொடுக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் சிகரம் நாளுக்கொரு இடத்தில் வரும்.

இரண்டாவது வழி பென்சாயில் குளோரைடு. டோபமைன் மாதிரியான அமீன்களின் மேலும் பீனால்களின் மேலும் பென்சாயில் தொகுதியை ஒட்டிவிடுவது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கென்னடியின் குழு 2012இல் வெளியிட்ட முறை பரவலாகிவிட்டது. டோபமைன் மூன்று பென்சாயிலைச் சுமந்துகொள்ளும். 154இல் இருந்த அயனி 466க்கு ஏறிவிடும். அந்த உயரத்தில் இரைச்சல் குறைவு. கொழுப்புவிரும்பியாக மாறிவிடுவதால் சாதாரண சி18 பிரிகுழலிலேயே உப்பெல்லாம் போன பிறகு தனியாக வரும். ரெசர்பினுக்கு இருந்த வசதி டோபமைனுக்கும் கிடைக்கிறது. ஒட்டிய பிறகு ஆக்சிஜன் தாக்க இடமில்லை என்பதால் பல நாள் கெடாது. மாதிரியை இங்கே தயார் செய்து வெளியூர் கொண்டுபோகிற நமக்கு இதைவிட ஏற்ற வழி எனக்குத் தெரியவில்லை. புதியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

செய்யும் விதம்: சாற்றை முதலில் தண்ணீரால் ஐந்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். அதில் 20 மைக்ரோலிட்டர் எடுத்து, 100 மில்லிமோலார் சோடியம் டெட்ராபோரேட் 10 மைக்ரோலிட்டர் சேர்த்து, உடனே அசிட்டோநைட்ரைலில் கரைத்த 2 சதவீத பென்சாயில் குளோரைடு 10 மைக்ரோலிட்டர் சேர்த்துக் கலக்குங்கள். அறை வெப்பத்தில் சில நொடிகளில் வினை முடியும். பிறகு 50 மைக்ரோலிட்டர் தண்ணீர்.

இதில் தவறுவது பெரும்பாலும் காரத்தன்மையில். வினை நடக்கப் பி.எச். 9 பக்கம் இருக்க வேண்டும். சாற்றில் அமிலம் மிகுந்தால் போரேட்டால் தாங்க முடியாது. வினை அரைகுறையாக நின்றுவிடும். முதல்முறை செய்யும்போது, வினைப்பொருளைச் சேர்க்கும் முன் ஒரு மைக்ரோலிட்டரை எடுத்துப் பி.எச். தாளில் ஒற்றிப் பாருங்கள். அதே சமயம் காரத்தில் டோபமைன் விரைவாகக் கெடும். ஆகவே போரேட்டை எல்லாக் குழாய்களுக்கும் வரிசையாக ஊற்றிவிட்டு அப்புறம் வினைப்பொருளைத் தேடாதீர்கள். ஒவ்வொரு குழாயாக முடியுங்கள். பென்சாயில் குளோரைடு கண்ணைக் கரிக்கும், தோலை அரிக்கும். புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் திறக்க வேண்டும். ஈரம் பட்டால் பென்சாயிக் அமிலமாகிவிடும் என்பதால், கரைசலை அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள்.

கார்பன் 13 அணு ஆறு கொண்ட பென்சாயில் குளோரைடும் கிடைக்கிறது. அதைக்கொண்டு ஸ்டாண்டர்டுகளைத் தனியாக வினைப்படுத்தி மாதிரியில் கலந்தால், ஒரே முயற்சியில் எல்லாக் கடத்திக்கும் உள்தரம் கிடைத்துவிடும். டோபமைனுக்கு 484, காபாவுக்கு 214. ஆனால் இது வினைக்குப் பிறகு சேர்க்கப்படுவது. பிழிந்தெடுக்கும்போது இழந்ததை இது சொல்லாது. அரைக்கும்போது சேர்த்த டியூட்டீரிய உள்தரமும் இருந்தால்தான் வழி முழுக்கத் தெரியும்.

ஒரே எடையில் ஒளிந்திருப்பவர்கள்

104 நிறையில் காபாவும் இருக்கும், கோலினும் இருக்கும். முதல் குவாட்ரபோலால் இரண்டையும் பிரிக்க முடியாது. காபா 87 ஆக உடையும், கோலின் 60 ஆக உடையும். அதை வைத்துப் பிரியுங்கள். காபாவுக்கு அதே எடையுள்ள மாற்றியங்களும் உண்டு, அவற்றுக்குப் பிரிகுழல்தான் துணை.

குளுட்டமேட் 148இல் புகுந்து 84 ஆக உடையும். குளுட்டமினின் 147க்குப் பக்கத்தில், கார்பன் 13 உள்ள பங்கு 148இல் விழுந்து, அதுவும் அதே வழியில் உடையும். மூளையில் குளுட்டமின் ஏராளம். இரண்டும் நேரத்தில் பிரியாவிட்டால் குளுட்டமேட் கூடுதலாகத் தெரியும். அசிட்டைல்கோலினுக்கும் 146இல் ஒத்த எடைக்காரர் ஒருவர் மூளையிலேயே உண்டு. அதனால் 87 துண்டு மட்டும் போதாது, வரும் நேரமும் ஸ்டாண்டர்டோடு சரியாக ஒத்துப்போக வேண்டும். இந்த அசிட்டைல்கோலினில் பென்சாயில் ஒட்டாது. ஏற்கெனவே நேர்மின்னூட்டம் உள்ளதால், ஒட்டாமலே நன்றாகத் தெரியும்.

பென்சாயில் முறையில் எல்லாரும் 105 என்ற துண்டையே தருவார்கள். முடிந்தவரை இரண்டாவது துண்டு ஒன்றைச் சேர்த்து, இரண்டின் விகிதம் ஸ்டாண்டர்டில் உள்ளதைப்போலவே மாதிரியிலும் வருகிறதா என்று பாருங்கள்.

ஒட்டாத முறையில் போகிறவர்கள் வாயில் வோல்ட்டேஜை மெல்ல ஏற்றிப் பார்க்க வேண்டும். டோபமைன் உள்ளே நுழையும்போதே அம்மோனியாவை இழந்து 137 ஆகிவிடும். நார்அட்ரினலின் தண்ணீரை இழந்து 152 ஆகிவிடும். பலமாகத் தள்ளினால் அதிகம் வரும் என்ற எண்ணத்தில் வோல்ட்டேஜைக் கூட்டினால், தேடும் அயனியை நாமே வாசலில் உடைத்துவிடுவோம்.

கவனிக்கும் நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 20 வழிகள், ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிநொடி, நடுவில் 5 மில்லிநொடி என்றால் ஒரு சுற்று அரை நொடி. 8 நொடி அகலமுள்ள சிகரத்தில் 16 புள்ளி கிடைக்கும்; நல்லது. வழிகளை 60 ஆக்கிவிட்டால் ஐந்தாறு புள்ளிதான் தேறும், பரப்பளவு ஒவ்வொரு தடவையும் மாறும். ஒவ்வொரு கடத்தியையும் அது வரும் நேரத்தில் மட்டும் பார்க்கும்படி அட்டவணை போட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

இன்னொன்று: எலியின் ஸ்ட்ரையேட்டத்தில் (காடேட் அடங்கிய மூளைப் பகுதி) டோபமைன் ஒரு கிராமுக்குப் பல பத்து நானோமோல், குளுட்டமேட் 10 மைக்ரோமோல் பக்கம். ஒரே ஊசியில் இரண்டையும் அளக்க முயன்றால், டோபமைன் தெரியும் செறிவில் குளுட்டமேட் கண்டறிவானை நிரப்பி வழியும். சாற்றை அப்படியே ஒருமுறை, நூறு மடங்குக்கு மேல் நீர்த்து ஒருமுறை என இரண்டு ஊசி போடுவதே நேர்மையான வழி.

அடக்கம் எங்கே நடக்கிறது என்று கண்ணால் பாருங்கள்

பிரிகுழலுக்கும் கருவிக்கும் நடுவில் மூன்றுவாய் இணைப்பு ஒன்றைப் பொருத்தி, சிரிஞ்சுப் பம்பு வழியாக டோபமைன் டி4 கரைசலை நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் ஓடவிடுங்கள். 158இலிருந்து 141 போகும் வழியைப் பார்த்தால் நேர்கோடு தெரியும். இப்போது மூளைச் சாற்றைச் செலுத்துங்கள். நேர்கோடு எந்த நிமிடத்தில் பள்ளமாக விழுகிறதோ, அங்கே அடக்கம் நடக்கிறது. டோபமைன் அந்தப் பள்ளத்தில் வந்தால் பிரிக்கும் முறையை மாற்றி அதை வெளியே நகர்த்துங்கள். பிள்ளைகளுக்கு நான் இதைக் காட்டும்போது, அந்தக் கோடு சரிகிற நொடியில் எல்லார் முகமும் மாறும். புத்தகத்தில் எத்தனை முறை படித்திருந்தாலும் அன்றுதான் புரிகிறது.

எண்ணாகச் சொல்ல வேண்டுமானால் மூன்று அளவு எடுங்கள். அரைக்கும் முன் சேர்த்த உள்தரம் 80 தந்தது, பிழிந்த பிறகு சேர்த்தது 92 தந்தது, வெறும் கரைசலில் 115 தந்தது என்று வையுங்கள். பிழிந்தெடுத்ததில் இழக்காமல் மீண்ட பங்கு 80ஐ 92ஆல் வகுத்த 87 சதவீதம். திசுவின் தாக்கம் 92ஐ 115ஆல் வகுத்த 80 சதவீதம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு சைகை அடக்கப்படுகிறது. எங்கே இழக்கிறோம் என்று தெரிந்தால்தான் எங்கே கை வைப்பது என்று தெரியும்.

அளவுகோடு வரைவதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. டோபமைன் இல்லாத மூளை கிடைக்காது. அதனால் ஒரே சாற்றை நான்காகப் பிரித்து, ஒன்றில் எதுவும் சேர்க்காமலும் மற்றவற்றில் எதிர்பார்க்கும் அளவில் பாதி, முழுசு, இரண்டு மடங்கு சேர்த்தும் ஓட்டுங்கள். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அச்சை வெட்டும் இடம் மாதிரியில் இருந்த அளவைச் சொல்லும். மாதிரி நிறைய இருந்தால் செயற்கை மூளைத் தண்டுவட நீரில் கோடு வரைந்துகொண்டு, சில மாதிரிகளில் மட்டும் இப்படிச் சேர்த்துச் சரிபார்க்கலாம். தரக் கட்டுப்பாட்டு மாதிரிகள் உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள்ளும், கீழ் எல்லையில் 20 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது மருந்து விதிகளை ஒத்திசைக்கும் சர்வதேச அமைப்பான ஐ.சி.எச். 2022இல் வெளியிட்ட எம்10 வழிகாட்டுதல் மருந்து ஆய்வுக்கு வகுத்த எல்லை. நாமும் அதையே பிடித்துக்கொள்வது நல்லது.

திசுவின் படமே வேண்டும் என்றால்

எந்த இடத்தில் எவ்வளவு என்று படமாகக் காட்ட மால்டி முறை உண்டு. 10 முதல் 12 மைக்ரான் தடிமனில் உறைநிலை வில்லை வெட்டி, டோபமைனோடு ஒட்டும் வினைப்பொருளைத் தெளித்து, லேசரால் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் பெர் ஆன்ட்ரேன் குழுவினர் 2019இல் எப்.எம்.பி.10 என்ற வினைப்பொருளை வெளியிட்டதிலிருந்து பல கடத்திகளை ஒரே வில்லையில் பார்க்க முடிகிறது. தொடங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை போதும். வில்லை வெட்ட ஓ.சி.டி. பசையில் திசுவை மூழ்கடிக்காதீர்கள். அதன் பாலிமர் எல்லாச் சைகையையும் மூடிவிடும். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் உறைந்து பிடித்துக்கொள்வதே போதும். அடுத்தது, உறைந்த கண்ணாடித் தகட்டை நம்மூர்க் காற்றில் திறக்காதீர்கள். கண்மூடித் திறப்பதற்குள் நீர் பூத்து, கடத்திகள் தம் இடத்தை விட்டுக் கரைந்து பரவிவிடும். மூடிய பெட்டியோடு உலர்கலத்துக்குள் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறவுங்கள்.

ஓட்டுகிற நாள்

சித்திரை, வைகாசியில் கரண்ட் போனால் மைனஸ் 80 பெட்டியைத் திறக்காமல் இருப்பதே முதல் மருந்து. மாதிரிகளை இரண்டு பங்காக்கி இரண்டு பெட்டியில் வையுங்கள். வெளியூர் கொண்டுபோகும்போது உலர் பனிக்கட்டியைப் பயணத்துக்குத் தேவை என்று நினைப்பதைப்போல இரண்டு பங்கு போடுங்கள். பெட்டியைக் காற்றுப்புகாமல் ஒட்டாதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். ஒருமுறை நான் மாதிரியைப் பிறர் கையில் அனுப்பி, ஒருநாள் தாமதத்தில் பெட்டி முழுக்க இளகி வந்ததைப் பார்த்தேன். ஆறு மாத உழைப்பு. அதற்குப் பிறகு வினைப்படுத்தி முடித்த குப்பிகளையே அனுப்புகிறேன், மூலத் திசுவில் பாதி எப்போதும் இங்கேயே இருக்கும்.

ஊசி போடும் வரிசையை முந்தைய நாளே எழுதுங்கள். முதலில் வெற்றுக் கரைசல் மூன்று, பிறகு எல்லா மாதிரியிலும் சிறிது எடுத்துக் கலந்த பொதுக் கலவை ஐந்து முறை. குழல் அந்தத் திசுவுக்குப் பழகும். அதன் பிறகு மாதிரிகள், காடேட்டும் சிறுமூளையும் கலந்து, குலுக்கல் வரிசையில். எட்டு மாதிரிக்கு ஒருமுறை பொதுக் கலவை திரும்ப வரட்டும். அதன் டோபமைன் பரப்பளவு இறங்கிக்கொண்டே போனால் வாயில் அழுக்கடைகிறது என்று பொருள். மிக உயர்ந்த ஸ்டாண்டர்டுக்குப் பின்னால் ஒரு வெற்று ஊசி கட்டாயம். அதில் டோபமைன் தெரிந்தால், உங்கள் கீழ் எல்லை அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அது அடங்குகிறதா என்று பாருங்கள். மாதிரித் தட்டு 4 டிகிரியில் இருக்கட்டும்.

கடைசி ஊசி முடிந்ததும் குழலைக் கழுவி, மூடி மாட்டி, வாயிலைத் துடைத்து, எத்தனை ஊசி போட்டீர்கள் என்று அந்த லேபின் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மீந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். இருபது இருபது மைக்ரோலிட்டராகப் பிரித்து, தேதியும் அறுத்த நேரமும் பென்சிலில் எழுதி, மைனஸ் 80க்குத் திருப்பி வையுங்கள். அடுத்த வாரம் கணக்குப் போடும்போது சிறுமூளையில் இருக்கக் கூடாத ஒரு சிகரம் கண்ணில் படும். அப்போது அந்தச் சிறு குழாயைத் தேடுவீர்கள்.